அண்ணனின் முன்பல்

ஜூன் 14, வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஓவியப் பள்ளியின் மூன்றாம் மாடியில், பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன் அண்ணனின் எண்ணெய்வண்ணப் படத்தை முடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அதை ஒப்படைக்க வேண்டும். தேறினால்தான் இரண்டாம் ஆண்டில் இடம். அண்ணனுக்குக் கப்பல் வேலை. அன்று இரவு ஏழு மணிக்குக் கப்பல் ஏறினால் திரும்பப் பத்து மாதம்.

அவன் நாற்காலியில் நிலைகொள்ளவில்லை.

"சும்மா இரேண்ணா. காதை நாலு தடவை போட்டாச்சு."

"உன் காதுக்காகக் கப்பல் நிக்குமா?"

"அது உன் காது."

எழுந்து வந்து படத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"எல்லாம் நான்தான். பல்லு மட்டும் யாரோடதோ."

சிறு வயதில் அவள் கதவை அறைந்து சாத்தியபோது அவனுடைய முன்பல்லின் முனை உடைந்தது. படத்தில் அந்தப் பல் முழுசாக இருந்தது. பதினோரு வருடமாக லேபில் குறைப்பல் எதையும் வெளியே விடாத கை, அவளைக் கேட்காமலேயே அதைச் சரிசெய்திருந்தது.

"தொடாதீங்க," என்றாள் பின்னால் நின்று பார்த்த ஓவிய ஆசிரியை. "தேர்வுக் குழுவுக்கு உங்க அண்ணனைத் தெரியுமா என்ன?"

"எனக்குத் தெரியுமே."

"இன்னும் காயல. சுரண்டினா உதடும் சேர்ந்து வரும்."

தங்கை உட்கார்ந்தாள். எழுந்தாள். கழுவிய தூரிகையையே மறுபடி கழுவினாள். நாலே முக்காலுக்குக் கத்தியை எடுத்தாள். ஆசிரியை சொன்னபடியே உதடும் வந்தது.

"உக்காரு. வாயைத் திற."

"லேபுல இப்படித்தான் மிரட்டுவியா?"

"அங்க பல்லு மட்டும்தான் வரும். பேசாது."

வெள்ளையைத் தொடவில்லை, சாம்பலில் துளி மஞ்சள். உடைந்த இடத்தில் வாயின் இருட்டையே வைத்தாள். ஐந்தே முக்காலுக்கு அவனைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போக வண்டி வந்துவிட்டது. பல் முடிந்திருந்தது, கீழுதடு பாதிதான்.

அவன் எட்டிப் பார்த்தான். நாக்கால் பல்முனையைத் தடவிக்கொண்டான்.

"ம். இப்ப சரி. வரட்டுமா?"

அவன் போனதும் ஆசிரியை, "உதட்டை ஞாபகத்துல இருந்து முடிச்சிடுங்களேன்," என்றாள்.

"பாக்காம போட்டா இந்தக் கை மறுபடியும் சரிபண்ணிடும்."

வெள்ளிக்கிழமை பதினாறு படங்கள் வந்தன. பத்துப் பேருக்கு இடம் கிடைத்தது. அவளுடைய படத்தின் பின்னால் ஒட்டிய சீட்டில், 'பற்கள் நன்று. கீழுதடு முடிக்கப்படவில்லை. தேர்வாகவில்லை' என்று எழுதியிருந்தது. திங்கட்கிழமை அவள் முதலாம் ஆண்டுக்கே மறுபடி பெயர் கொடுத்தாள்.