ஐம்பத்திரண்டாவது மணி

எனக்குக் குரல் பெரிது. எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவையில் என்னைத் துணைத் தலைவராகப் போட்டதே அதற்காகத்தான் என்று என் மனைவி ஃபிளோரா சொல்வாள். புன்னக்காயலில் திருவிழாவோ கூட்டமோ, மைக் இந்த டைட்டஸ் கையில்தான் இருக்கும். தலைவன் என்றால் நாலு பேர் காதில் விழுகிற மாதிரிப் பேச வேண்டும். இல்லாவிட்டால் எதற்குத் தலைவன்?

அதனால்தான் விக்டோரியாவைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். கருவாடு விற்கிறவள். எங்கள் தெருவிலுள்ள ஐம்பத்துமூன்று வீடுகளும் சேர்ந்தது ஒரு அன்பியம். அதற்கு அவள் தலைவி. அறிக்கை கேட்டால் தரமாட்டாள். மேடைக்குக் கூப்பிட்டால் தூணுக்குப் பின்னால் போய் நிற்பாள். வாரா வாரம் கூட்டு ஜெபத்தில் ஒரே ஒரு காரியம் செய்வாள். ஜெபமாலையிலும் சின்ன மணிகள் ஐம்பத்துமூன்று இருக்கிறதல்லவா, மணிக்கொரு வீட்டின் பேரைச் சொல்வாள். அந்த வீட்டார் "இருக்கோம்" என்று சொன்ன பிறகுதான் ஜெபம் தொடங்கும். பதில் வராத வீட்டுக்கு மறுநாள் காலையில் போய் நிற்பாள்.

"என்ன விக்டோரியா, பள்ளிக்கூடத்துல அட்டனன்ஸ் எடுக்குத மாதிரில்லா இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்திருக்கிறேன். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஜனவரியில் ஆளை மாற்றிவிடுவது என்று நான் மனதுக்குள் முடிவே கட்டியிருந்தேன்.

அந்த டிசம்பரில் மழை விடவேயில்லை. ஒரு திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. தூத்துக்குடிக்குப் போன பங்குத்தந்தை திரும்ப வழியில்லை. ஆக, சனத்தைக் கோயிலுக்குள் கொண்டுசேர்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பேட்டரி மைக்கைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் தெருத்தெருவாகக் கத்தினேன். வள்ளத்தில் வந்தவர்கள், பிள்ளைகளைத் தோளில் சுமந்து வந்தவர்கள் என்று பத்து மணிக்குள் கோயில் நிறைந்துவிட்டது. பீடத்துப் படியில் நின்று, "எல்லாரும் வந்தாச்சு, யாரும் பயப்பட வேண்டாம்" என்று அறிவித்தேன். கைதட்டினார்கள். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அப்போது விக்டோரியா ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்து மாலையை எடுத்தாள். எங்கள் தெருக்காரர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இந்த நேரத்தில் இது வேறயா என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று அவள் ஜெபம்கூடச் சொல்லவில்லை. ஒரு மணி, ஒரு பேர். "இருக்கோம்." அடுத்த மணி. "இருக்கோம்." ஐம்பத்தொரு வீடும் பதில் சொல்லிவிட்டது.

"கபிரியேல் வீடு."

சத்தம் இல்லை.

"கபிரியேல் வீடு" என்றாள் மறுபடியும், அதே குரலில்.

கபிரியேல் என் கூடப்பிறந்த அண்ணன். தெருக்கடைசியில் அவர் வீடும் என் வீடும் ஒட்டி இருக்கின்றன. நடுச்சுவர் தகராறில் எங்களுக்குள் எட்டு வருஷமாகப் பேச்சில்லை. மதினி இறந்த பிறகு அவர் தனி ஆள். வள்ளத்தில் விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து கம்பு இல்லாமல் நடக்க முடியாது. காலையில் நான் ஃபிளோராவைக் கூட்டிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டித்தான் வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்று விட்டுவிட்டு வரவில்லை. அவர் நினைவே எனக்கு வரவில்லை. அப்படி என்னைப் பழக்கியிருந்தேன். வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

விக்டோரியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. மணியைப் பிடித்திருந்த கையை மட்டும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

"அண்ணாச்சி, நான் இந்த மணியிலயே நிக்கேன். போயி கூட்டிட்டு வாங்க."

இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வள்ளத்தை எடுத்தேன். தெருவிலே ஆறு ஓடுகிற வேகத்தில் அந்தச் சின்னத் தூரம் போகவே முக்கால் மணி நேரம் ஆனது. கதவை உடைத்து உள்ளே போனோம். அண்ணன் சமையல் மேடையில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"உன் மைக் சத்தம் கேட்டுதுலே" என்றார். "நானும் கூப்பிட்டுப் பாத்தேன். அந்தச் சத்தத்துல உனக்குக் கேக்கல."

எட்டு வருஷத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். நான் அவரைத் தோளில் தூக்கினேன்.

கோயில் வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். அப்படி ஒரு அமைதி. எங்கள் தெருக்காரர்கள் ஒருவர்கூட இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஊரில் மற்றவர்களும் அவர்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சிய கஞ்சி யாரும் தொடாமல் அண்டாவில் ஆறிக்கிடந்தது. நடுவில் விக்டோரியா, நான் விட்டுப்போன அதே இடத்தில், அதே மணியை அழுத்திப் பிடித்தபடி இருந்தாள். விரல்நுனி வெளுத்திருந்தது. இந்தச் சனத்தை நான் மைக் வைத்துக் கத்தியும் ஐந்து நிமிஷம் அடக்கியதில்லை. இவள் ஒன்றரை மணி நேரமாக ஒரு மனுஷனுக்காக ஊரையே காத்திருக்க வைத்திருக்கிறாள். கடவுள் இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார் என்று நான் உண்மையாகவே பயந்தது அன்றைக்குத்தான்.

"கபிரியேல் வீடு" என்றாள்.

"இருக்கேன்" என்றார் அண்ணன்.

விரல் கடைசி மணிக்கு நகர்ந்தது.

"டைட்டஸ் வீடு."

வாயைத் திறந்தேன். ஊரையே எழுப்புகிற என் குரல் வரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விக்டோரியா அவசரப்படுத்தவில்லை, எனக்காகவும் காத்திருந்தாள்.

என் கழுத்தைக் கட்டியிருந்த அண்ணன்தான் சொன்னார்.

"இருக்கான் தாயி. இங்கன எங்கூடத்தான் இருக்கான்."