பெரிய தட்டு என்ன விலை?

1

இந்தக் கதை ஒரு விலைப்பட்டியலில் பிறந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் என் சமையலறையில் உட்கார்ந்து, தென்னமெரிக்காவில் இருக்கும் புவெனஸ் ஐரிஸ் நகரத்தில் இன்றைக்கு அரிசி என்ன விலை, ஓர் அறைக்கு வாடகை எவ்வளவு என்று கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர் விலைவாசி உனக்கு எதற்கு என்பீர்கள். (அங்கே எனக்கு ஒருவர் இருக்கிறார். இதற்கு மேல் கேட்காதீர்கள்.) ஒருவர் தூரதேசத்தில் இருந்தால் அவர் சாப்பிட்டாரா என்றுதான் மனம் முதலில் அடித்துக்கொள்கிறது. அதைத் தெரிந்துகொள்ள விலைவாசியை விட்டால் வேறு வழியில்லை.

கைபேசி இல்லாத காலத்தில் இதே தவிப்போடு ஒருத்தி இருந்திருந்தால்? அப்படித்தான் சம்சுன்னிசா வந்து சேர்ந்தாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் ஆண்டு, சிராங்கூன் சாலையில் மாட்டு வண்டிகளின் மணியோசை கேட்க...'

வேண்டாம். அந்தக் கால சிங்கப்பூர் என்றாலே எல்லாரும் மாட்டு வண்டியைப் பூட்டிவிடுகிறார்கள்.

அடுத்தது: 'அவள் பேரழகி. அவளுடைய கண்கள்...'

இதுவும் வேண்டாம். அவள் கண்களை நான் எங்கே பார்த்தேன்? அவள் பிழிந்து விற்கும் இடியாப்பத்துக்கு அவள் குடியிருக்கும் கம்போங் கபூரில் நல்ல பெயர் என்பது மட்டும் உறுதியாகத் தெரியும், ஏனென்றால் அதை நானே வைத்தேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். சம்சுன்னிசாவின் கணவன் முகைதீன் கப்பலில் வேலைக்குப் போனவன். புவெனஸ் ஐரிஸ் துறைமுகத்தில் காய்ச்சலில் விழுந்தான். கப்பல் அவனை விட்டுவிட்டுக் கிளம்பியது. பிழைத்து எழுந்து அங்கேயே மூட்டை தூக்குகிறான். கப்பல் கூலி சேர்ந்ததும் வருகிறேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியனுப்புகிறான். கூலி சேர்ந்தபாடில்லை.

அவள் 'நானா' என்று கூப்பிடும் அண்ணன் அப்துல் ஹமீது பொறுத்துப் பார்த்துவிட்டார். ஜாலான் புசாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், மனைவியை இழந்தவர், பெண் கேட்டிருக்கிறார். சோறு போடாத புருஷனிடமிருந்து விடுதலை தரச் சொல்லி காஜியிடம் கேட்கலாம் என்று அண்ணன் நாள் பார்த்துவிட்டார்.

அண்ணனைக் கொடுமைக்காரனாக எழுதத்தான் முதலில் கை போயிற்று. அடித்துவிட்டேன். தங்கை விறகுப் புகையில் தனியாக இருமிக்கொண்டு கிடப்பதை வாரம் தவறாமல் வந்து பார்க்கிற மனிதர் அவர். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவன் வருவான்னு ஒரே ஒரு அடையாளம் காட்டு புள்ள. நானும் உன்னோட சேர்ந்து காத்திருக்கேன்."

3

அடையாளம் தங்கராஜு வடிவத்தில் வந்தது. தங்கராஜு கப்பலில் உலைக்குக் கரி அள்ளிப் போடுகிறவர், தஞ்சாவூர்ப் பக்கத்து இந்து. புவெனஸ் ஐரிஸ் போய்த் திரும்பியிருந்தார். முகைதீனின் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பேசினாராம்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்து அந்த ஊர் வாழ்க்கையை விரித்தார். மாட்டுக்கறி கொள்ளை மலிவாம். அரிசிதான் எட்டாத விலையாம். வாடகையைக் கேட்டால் மயக்கம் வருமாம், ஓர் அறைக்குள் ஒரு குடும்பமே முடங்கிக் கிடக்கிறதாம். சம்சுன்னிசா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அது ஹலாலாக அறுத்த கறியா என்று கேட்க வாய் வந்தது. அவருக்கு அது புரியாது என்று விட்டுவிட்டாள். சோறில்லாமல் முகைதீன் மச்சான் எப்படி இருக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

தங்கராஜு நல்ல மனிதர். அவள் மனத்தில் ஓடுவது இன்னதென்று ஊகித்து, ஆறுதலாக ஒன்று சொன்னார்.

"ஆளு தனியாத்தான்க்கா இருக்காரு. நானே உள்ள பாத்தேன். அடுப்புப் பக்கத்துல ஒரே ஒரு தட்டுதான், கழுவிக் கவுத்திருந்துச்சு."

"என்ன தட்டு?"

"எனாமல் தட்டு. இவ்ளோ பெருசு." இரண்டு கைகளையும் நன்றாக விரித்துக் காட்டினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த ஊர்ல பெரிய தட்டு என்ன விலைண்ணே?"

தங்கராஜு சிரித்துவிட்டார். "அந்தக் காசுக்குச் சின்னத் தட்டு மூணு வாங்கிரலாம்க்கா."

4

(இங்கே நீங்கள் தங்கராஜு பக்கம் நிற்கக்கூடும். ஒரு தட்டு என்றால் ஓர் ஆள். என் முதல் வரைவில் நானும் அப்படித்தான் எழுதி, அவளைச் சந்தோஷப்படுத்தி அனுப்பிவிட்டேன். பிறகுதான் உறைத்தது.)

சம்சுன்னிசாவின் வீட்டு வழக்கம் வேறு. சஹன் என்ற பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் கொட்டிச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே சஹன். மற்ற தம்பதிகள் சில நாளில் தனித்தட்டுக்குப் போய்விடுவார்கள். முகைதீன் போகவில்லை. பக்கத்து வீட்டார் கேலி செய்தும் அவன் அசையவில்லை; கறித் துண்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, பார்க்காதவன் போல இருப்பான்.

அவன் போன பிறகு அவள் சின்னப் பீங்கான் தட்டில் சாப்பிடுகிறாள். சஹனைக் கழுவிச் சுவரோரம் சாத்திவைத்தது, அப்படியே இருக்கிறது. ஒற்றையாளாக அதன் முன்னால் உட்கார அவளால் முடியவில்லை.

ஆகவே அவளுக்கு ஒரு பெரிய தட்டு என்றால் இரண்டு பேர். வாடகைக்கே மூச்சுத் திணறும் ஊரில், மூன்று தட்டு விலை கொடுத்து ஒருவன் பெரிய தட்டு வாங்கியிருக்கிறான். யாருக்காக?

5

முடிவு ஒன்று: அங்கே அவனோடு வேறொருத்தி சாப்பிடுகிறாள். சம்சுன்னிசா அண்ணனோடு காஜியிடம் போகிறாள். துணிக்கடைக்காரர் அவளை நன்றாகவே வைத்துக்கொள்கிறார். (இதை எழுதி முடித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.)

முடிவு இரண்டு: அவன் தட்டின் ஒரு பாதியில் ரொட்டியும் கறியும் வைத்துச் சாப்பிடுகிறான், மறுபாதியைக் காலியாக விட்டு. அதற்காகத்தான் பெரிய தட்டு. அவள் அண்ணனிடம் அடையாளம் கிடைத்துவிட்டது என்கிறாள், அடுத்த கப்பலில் அவன்...

இல்லை. கப்பல் கூலியை நான் எங்கிருந்து கொடுப்பேன்?

உண்மையில் நடந்தது, அதாவது நான் அடிக்காமல் விட்டது, இது. காஜியிடம் போக வேண்டிய நாள். அண்ணன் ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டு வாசலில் நிற்கிறார். சம்சுன்னிசா சுவரோரமிருந்து சஹனை எடுக்கிறாள். தூசியைத் துடைத்து, தன் பக்கத்துப் பாதியில் மட்டும் சோறு போட்டு, அதன் முன்னால் உட்காருகிறாள்.

"என்ன புள்ள செய்ற?"

"ஒருத்தரா இதுல சாப்பிட முடியுதான்னு பாக்குறேன், நானா. முடிஞ்சா அவர் தனியாத்தான் இருக்காரு."

அப்துல் ஹமீது ரிக்‌ஷாக்காரரைக் காத்திருக்கச் சொன்னார். எதிரே போய் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. அந்த இடம் தன்னுடையதல்ல என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

அவள் கவளத்தை உருட்டிவிட்டாள். கை வாய்வரை வந்துவிட்டது. அது தொண்டையில் இறங்கியதா என்பதை எத்தனையோ முறை எழுதிப் பார்த்தேன், பேனா அங்கேயே நிற்கிறது. இனி நீங்கள் சொல்லுங்கள். அண்ணன் பதிலுக்காக நிற்கிறார்.

என்னைக் கேட்காதீர்கள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய தட்டை நானும் இப்போதுதான் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு பாதியில் சோறு போட்டாயிற்று. இன்னும் கை வைக்கவில்லை.