அத்தாமிக்குப் போகாதவர்

1

எடுத்த எடுப்பிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். துபாயில், கராமா பகுதியில் ஓர் ஓட்டலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரர் போனில், "நான் ஜப்பானுக்கே போவலம்மா, நம்பு" என்று கெஞ்சினார். என் காதில் விழுந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கைச்சரக்கு.

2

'அத்தாமியில், வெந்நீர் ஆவிக்கு நடுவே, ஜாபர் சாதிக் கண்ணை மூடி...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். மனிதர் அங்கே போனதே இல்லை.)

ஜாபர் சாதிக் கீழக்கரைக்காரர். கராமாவில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறார். குரல் நன்றாக இருக்கிறதென்று டூர் வீடியோக்களுக்குத் தமிழில் பேசவும் முதலாளி அவரையே பிடித்துக்கொண்டார். ரூமில் ஆறு பேர், ஓயாத சத்தம். ஆகவே போர்வைக்குள் புகுந்துதான் பேசிப் பதிவு செய்வார். வேர்த்து ஊற்றும். அதை வெந்நீர்க் குளத்து ஆவி என்று நினைத்துக்கொள்வார்.

அப்படிப் பேசியவற்றில் ஒன்று அத்தாமி பற்றியது. அது ஜப்பானியக் கடற்கரை ஊர். பெயருக்கே சூடான கடல் என்று பொருள். முன்னொரு காலத்தில் கடலுக்குள் வெந்நீர் பீறிட்டு மீனெல்லாம் செத்து ஒதுங்கியதாம். ஒரு துறவி வேண்டிக்கொள்ள, ஊற்று மலைப்பக்கம் இடம் மாறியதாம். பிறகு அந்த வெந்நீரைப் பீப்பாயில் நிரப்பி, நாட்டை ஆண்டவர்களின் கோட்டைக்குச் சுமந்து போனார்கள். ரயில் வந்தபின் புதுமணத் தம்பதிகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கினார்கள். நடுவில் களையிழந்த ஊர் இப்போது மறுபடி நிமிர்ந்திருக்கிறது. ஜனவரியிலேயே செர்ரி பூத்துவிடும். குளிர்காலத்திலும் கடல்மேல் வாணவேடிக்கை உண்டு.

(கட்டுரை வாடை அடிக்கிறதா? ஜாபர் வாசித்தால் அடிக்காது. அதுதான் வினையாகிப்போனது.)

3

வீடியோ குடும்ப குரூப்பில் சுற்றி, ஊரிலிருக்கும் அவர் மனைவி மாஹிராவிடம் போய்ச் சேர்ந்தது. கல்யாணமாகி எட்டு வருடம். சேர்ந்திருந்த நாட்களை லீவுக் கணக்கில்தான் சொல்ல முடியும்.

"மச்சான், போன வருசம் லீவு இல்லன்னீங்க. அந்தத் தண்ணி எவ்வளவு சூடுங்கிற வரைக்கும் சொல்றீங்களே, யார்கூடப் போனீங்க?"

"அல்லாவுக்காக நம்பு மாஹிரா. டியூட்டியிலதான் இருந்தேன்."

"அப்ப பாஸ்போர்ட்டக் காட்டுங்க."

பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தது. பெண்டாட்டிக்குக் காட்ட வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? மூன்றாம் நாள்தான், "ஜெராக்ஸ் எடுக்கணும் பாய்" என்று வாங்கினார். அதுவரை மாஹிரா போனையே எடுக்கவில்லை.

4

வீடியோ காலில் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இந்திய முத்திரை, துபாய் முத்திரை, மற்றதெல்லாம் வெள்ளை. தப்பித்தார் மனிதர் என்று கதையை இங்கேதான் முடித்திருந்தேன். மாஹிரா முடிக்க விடவில்லை, அழுதாள்.

"அப்ப நெசமாவே போவலையா?"

"அதான் காட்டிட்டேனே, ஏம்மா அழுவுற?"

"மூணு நாளா உங்கள அந்தக் கடற்கரையில நடக்கவிட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன் மச்சான். கோவம்தான். ஆனா அழகா இருந்துச்சு. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் நல்லா இருந்திருக்காங்களேன்னு..."

5

முடிவுகள் கைவசம் உண்டு. விசிட் விசாவில் அவளை வரவழைத்துப் புஜைரா கடற்கரையில் நடக்கவைக்கலாம். விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டு இவரே ஊர் போய்ச் சேரலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். மாஹிரா இரண்டையும் நம்பமாட்டாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நாம எப்ப மச்சான் ஒண்ணா இருப்போம்?"

ஜாபர் பாஸ்போர்ட்டின் வெள்ளைப் பக்கங்களை மறுபடி புரட்டினார். பதில் அதில் இல்லை. என்னிடமும் இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் லைனில் இருக்கிறாள்.