அம்மாவைக் குளிப்பாட்டும் விளையாட்டு

என் தம்பி செய்த வீடியோ கேமில் துப்பாக்கி கிடையாது. யாரையும் துரத்த வேண்டாம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவை ஒரு மகன் நான்கு மாதம் பார்த்துக்கொள்கிறான், அவ்வளவுதான். மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவள் பத்தாவது முறையாகச் சொல்லும் கதையை முதல் முறை கேட்பதுபோலக் கேட்க வேண்டும். மூன்றாவது நிலையில் அவளைக் குளிப்பாட்ட வேண்டும்.

அந்த மூன்றாவது நிலையைத்தான் ஆபாசம் என்றார்கள்.

கேமில் வருவது எங்கள் அம்மா. சிறுநீரகம் கெட்டுப்போய்க் கிடந்த அவளை அவன்தான் பார்த்துக்கொண்டான். நான் அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறவள். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவேன். அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. சின்ன வயதிலிருந்தே கம்ப்யூட்டர் முன்னால் கிடந்ததால் வீட்டில் அவனுக்குப் பெயர் பொட்டி.

ஒருநாள் அத்தை வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "பொண்ணு இருக்கும்போது பையன் குளிப்பாட்டுறதா? கேக்கவே ஒரு மாதிரி இருக்கு."

அம்மாவுக்கு அப்போது பேசவே மூச்சு போதாது. ஆனாலும் விடவில்லை. "இவன் பொறந்தப்ப என்ன கோட்டு சூட்டு போட்டுக்கிட்டா வந்தான்? நான் குளிப்பாட்டலையா? நீ காபிய குடி."

அத்தை அதன் பிறகு வரவில்லை. அம்மா போனபின் இரண்டு வருடம் உட்கார்ந்து பொட்டி அந்த கேமைச் செய்தான். எல்லாம் பென்சில் கோடு. குளியலறையில் அம்மா முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். தண்ணீரை ஊற்றும் முன் முழங்கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். பார்க்காமல் ஊற்றினால் மதிப்பெண் குறையாது, மணி அடிக்காது. அம்மாவின் தோள் லேசாக ஒடுங்கும், அவ்வளவுதான். அந்த ஒடுங்கலை வரைய அவனுக்குப் பதினேழு நாள் ஆனது.

இணையத்தில் கேம் விற்கும் கடை ஒன்று உண்டு. உலகத்தில் பாதிப்பேர் அங்கேதான் வாங்குகிறார்கள். அதில் ஒரு கேமை வைக்க வேண்டுமென்றால் பெரிய படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். இன்னின்னது உண்டா என்று கேட்டு, பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். "உடையில்லாத உடல்" என்ற கட்டத்தில் பொட்டி டிக் போட்டான். "குடும்ப உறவே கதையின் மையம்" என்பதிலும் போட்டான். இரண்டும் உண்மை.

அவனோடு வேலை பார்த்த நண்பன், நாங்கள் கண்ணாடி என்று கூப்பிடுகிறவன், பிறகு தலையில் அடித்துக்கொண்டான். "அந்தக் கட்டத்த எவனாவது தொடுவானா? கழுத்தறுக்கிற கேம் போடுறவன்கூட 'லேசான வன்முறை'ன்னுதான் போடுவான். நீ என்ன கோர்ட்லயா சாட்சி சொல்ற?"

"இருக்குறதத்தானேடா போட்டேன்."

ஆறு வாரம் கேம் விற்பனையில் இருந்தது. லாரி ஓட்டுகிற ஒருவர் எழுதியிருந்தார்: குளியலறை வரைக்கும் ஆடினேன், வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஊரில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற என் தங்கைக்குப் போன் செய்தேன் என்று. பொட்டி அதை எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினான். அப்போது அவனுக்கும் அம்மாவின் அதே வியாதி முற்றி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது.

ஏழாவது வாரம் கேம் காணாமல் போனது.

நடந்தது இதுதான். நாம் கார்டு எண்ணைத் தட்டியதும் நம் வங்கியிலிருந்து கடைக்குப் பணத்தைக் கடத்திவிடுகிற நிறுவனம் ஒன்று நடுவில் இருக்கிறது. அது எதையும் செய்வதில்லை, விற்பதில்லை, விளையாடுவதுமில்லை. அதற்கு யாரோ கட்டுக்கட்டாகப் புகார் அனுப்பினார்கள், கடையில் அசிங்கமான கேம்கள் இருப்பதாக. அசிங்கமானவை இருந்திருக்கலாம். உடனே அது கடைக்காரர்களிடம், குடும்ப உறவையும் உடையில்லாத உடலையும் சேர்த்துக் காட்டும் எதையும் விற்றால் இனி உங்கள் பணம் எங்கள் வழியாக வராது என்றது. கடைக்காரர்கள் ஆடிப்போனார்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆளில்லை. இரண்டு கட்டத்திலும் டிக் இருப்பதையெல்லாம் ஓர் இயந்திரத்தை விட்டு ஒரே மதியத்தில் வாரிக் கொட்டினார்கள்.

எந்த மனிதக் கண்ணும் எங்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தீர்ப்பு.

நான் அச்சகத்தில் விடுப்பு போட்டுவிட்டுப் போனில் உட்கார்ந்தேன். கடையில் ஒரு பெண் எடுத்தாள்.

"எங்க கையில ஒண்ணுமில்லைங்க மேடம். பணம் அனுப்புற கம்பெனி சொன்னா நாங்க செஞ்சுதான் ஆகணும். அவங்ககிட்ட பேசுங்க."

நாற்பது நிமிடம் பாட்டைக் கேட்கவைத்துவிட்டு அந்த நிறுவனத்தில் ஓர் ஆள் வந்தார்.

"நாங்க எந்த கேமையும் தடை பண்ணலையே மேடம். எங்களுக்கு ஒரு விதி இருக்கு. எத எடுக்குறது, எத வைக்கிறதுங்கிறது கடையோட முடிவு."

"விதிய போட்டது யாரு சார்?"

"கொள்கைக் குழு."

"அவங்ககிட்ட பேசலாமா?"

"அவங்க வெளியாட்கள்கிட்ட பேச மாட்டாங்க."

"அந்த கேம நீங்களாவது ஒரு தடவ பாருங்க சார். ஒரு பையன் அவன் அம்மாவ..."

"மேடம், வார்த்தைய பாத்து பேசுங்க. இந்தக் கால் பதிவாகுது."

போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. வெந்நீர் ஊற்றுகிறான் என்றுதான் சொல்ல வந்தேன். அந்த வாக்கியத்தை நான் முடிக்கும்வரைகூட அந்த ஆளுக்குப் பொறுக்கவில்லை. அவன் மனதில் அது வேறு மாதிரி முடிந்துவிட்டது. எங்கள் அத்தையை அன்று ஒரு காபியோடு வீட்டை விட்டு அனுப்ப முடிந்தது. இவர்களை எங்கே அனுப்புவது? அத்தை குழு வைத்து, விதி போட்டு, உலகத்துக்கே பூட்டுப் போட்டுவிட்டாள்.

அதே கடையின் முதல் பக்கத்தில் அன்றைக்கு ஒரு கேம் இருந்தது. ஊரையே கொளுத்தி, ஓடுகிறவர்களைச் சுட்டுத் தள்ள வேண்டும். குழந்தைகள் ஓடினால் கூடுதல் புள்ளி. அதை விற்கத் தடையில்லை. அதற்கான பணம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது.

பொட்டிக்கு நாள் நெருங்கியது. கடைசி ஐந்து வாரம் அவனை நான்தான் குளிப்பாட்டினேன். முதல் நாள் அவசரத்தில் ஒரு குவளையை அப்படியே ஊற்றிவிட்டேன். தோள் ஒடுங்கியது. நான் திரையில் பார்த்த அதே தோள்.

"அக்கா, முழங்கை எங்க? மறுபடி முதல்ல இருந்து ஆடு."

"வாய மூடுடா, சோப்பு போயிடும்."

சிரித்தான். இருமல் வந்தது. அது அடங்கியதும் சொன்னான். "அது திரும்பக் கடைக்கு வரணும்க்கா. இருக்குற மாதிரியே வரணும். ஒரு கோடுகூட மாறாம."

"வரும்டா" என்றேன். வரவில்லை. அவன் போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்துக் கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மறுபரிசீலனை செய்கிறோம், ஒரு திருத்தம் போதும்: உறவைக் குறிக்கும் சொற்களை நீக்கிவிட்டால் கேமைத் திரும்ப வைக்கத் தடையில்லை.

கண்ணாடி அன்று மாலையே வந்தான். பொட்டியின் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே மடிக்கணினியைத் திறந்தான்.

"அக்கா, படத்த தொடவே வேணாம். 'அம்மா'ன்னு வர்ற எடத்துல 'பேஷண்ட்'. மகனுக்கு 'நர்ஸ்'. குடும்பம்ங்கிற டிக்க எடுத்துடுவோம். பத்து நிமிஷ வேலை. நாளைக்கே கடையில இருக்கும்."

"மொத்தம் எத்தன எடத்துல வருது?"

"தேடிப் பாத்தேன். இருநூத்திப் பன்னெண்டு."

முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறேன். எந்தச் சொல்லை அடிக்கலாம், எதை அடிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். வேறு எவளோ ஒருத்தியைச் சம்பளத்துக்குக் குளிப்பாட்டினால் அவர்களுக்குச் சம்மதம். பெற்றவளைக் குளிப்பாட்டினால் அசிங்கம். இதை அறிவுள்ள எவனோ உட்கார்ந்து, தட்டச்சு செய்து, கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

"வேணாம்ப்பா."

"அக்கா, கோபத்துல சொல்றீங்க. அவன் ஆசப்பட்டது கடைக்கு வரணும்னுதானே?"

"கோபத்துலதான் சொல்றேன். இருக்குற மாதிரியே வரணும்னுதான் அவன் சொன்னான். நீ அந்தப் படிவத்த மட்டும் எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தான். புதிதாக வந்தது போல எல்லாவற்றையும் நிரப்பினேன். உடையில்லாத உடல்: டிக். குடும்ப உறவே கதையின் மையம்: டிக். கீழே ‘வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா’ என்று ஒரு பெட்டி இருந்தது. "இவள் எங்கள் அம்மா. மறுக்கும் முன் ஓர் ஆள் பார்க்கவும்" என்று எழுதி அனுப்பினேன்.

நான்கு நிமிடத்தில் மறுப்பு வந்தது. நான்கு நிமிடத்தில் அம்மாவின் தலைமுடியைக்கூட நனைத்து முடிக்க முடியாது.

கண்ணாடி என் முகத்தைப் பார்த்தான். "இப்ப என்னக்கா பண்றது?"

"பக்கத்துல உக்காரு" என்றேன். பொட்டியின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிவத்தை முதலிலிருந்து திறந்தேன்.