ஈரம் காயாத பிரம்பு

எங்கள் ஊரில் பழைய பிரம்பு நாற்காலியைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், அதில் அதிகம் உட்கார்ந்தவரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஆகவே என் ஆய்வு நெறியாளர் பேராசிரியர் அறவாழியின் அறைக்கு வெளியே கிடந்த நாற்காலி போனபோது, அலுவலகம் என்னையும் அதே வண்டியில் ஏற்றிவிட்டது.

அது புதன்கிழமை. என் ஆய்வேட்டைக் கொடுக்க வெள்ளிதான் கடைசி நாள். அவருடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்காகத்தான் மூன்று வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"காக்க வைத்தது அவர். நியாயப்படி அவரைத்தானே ஏற்ற வேண்டும்?" என்றேன் பட்டறையில்.

பிரம்பு பின்னும் பெர்னதெத் அக்கா இருக்கையின் குழியில் சாண் போட்டுப் பார்த்தார். "யாரு காக்க வச்சான்னு குழி சொல்லாதும்மா. யாரு உக்காந்தான்னுதான் சொல்லும். இது உன் அளவுதான். வாயை மூடிட்டுத் தொட்டியில இறங்கு."

வாயை மூடவில்லை. பிரம்போடு ஊறிக்கொண்டே ஒரு மணி நேரம் வாதாடினேன். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நாற்காலியிலிருந்து பழைய வார்னிஷ் உதிர்ந்தது. என்னிடமிருந்து 'பரவாயில்லை சார்' உதிர்ந்தது. அதற்கடியில் 'அடுத்த வாரம் வரேன் சார்'. அதற்கும் அடியில், தடிமனாக, 'நீங்க சொன்னா சரிதான் சார்'. பெருக்கி அள்ளியபோது இரண்டு முறம் இருந்தது.

"மேல புது வார்னிஷ் அடிக்கவா?"

"நாற்காலிக்கு மட்டும் அடிங்க."

வெள்ளி காலை நாற்காலியும் நானும் திரும்பினோம். பின்னல் இன்னும் ஈரம். காயும்வரை யாரும் உட்காரக் கூடாது, காயும்போது பிரம்பு இறுகும், உட்கார்ந்தவரும் கூடவே சுருங்கிவிடுவார் என்று பேராசிரியரிடம் தெளிவாகச் சொன்னேன். நான் சொல்லவில்லை என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது.

"எனக்கே பாடம் எடுக்கிறியாம்மா?" என்று அதில் உட்கார்ந்தார். "கையெழுத்தெல்லாம் அடுத்த வாரம்."

"இன்னிக்கு, சார்."

"அடுத்த வாரம்."

பதினோரு மணிக்கு அவர் கால் தரைக்கு எட்டவில்லை. ஒரு மணிக்குச் சட்டைக் காலருக்குள்ளிருந்து "அடுத்த வாரம்" என்றார். மூன்று மணிக்கு என் சுண்டுவிரல் உயரத்தில் நின்று பேனா கேட்டார். குண்டூசியை மையில் தோய்த்துக் கொடுத்தேன்.

"முன்னுரையில மட்டும் ஒரு திருத்தம்..."

"சார்."

போட்டார்.

அலுவலகத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கையெழுத்து சரி, ஆனால் நெறியாளர் நேரில் வர வேண்டும் என்றார்கள். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். முத்திரை குத்தினார்கள். அவரை ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்துத் தைத்து நூலகத்துக்கு அனுப்பினார்கள். இரவல் கிடையாது, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம்.