ஒழுகும் குழாயும் ஏழு வருட உபத்திரவமும்

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவோ, ஊரில் அவரை எக்காளம் என்றால்தான் தெரியும். குழாய் வேலை செய்பவர். தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உடனே வருவார். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே கடைசிக் காலத்தைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். எக்காளம் ஊதும், ஆயத்தமானவர்கள் கண் இமைக்கும் நேரத்தில் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், உடுத்திய துணி போட்டது போட்டபடி தரையில் கிடக்கும், மீதிப் பேர் இங்கேயே கிடந்து ஏழு வருடம் உபத்திரவப்படுவார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, வீட்டுக்காரர்களுக்கு வியர்த்துவிடும். அவருக்குப் பயந்தே ஊரில் பலர் குழாயை மெதுவாகத் திருகக் கற்றுக்கொண்டார்கள்.

சபையிலும் அந்தப் பாடம் அவர் பொறுப்புதான். கதவளவு பிளாஸ்டிக் விரிப்பில் ஏழு தலை மிருகம், எரியும் நட்சத்திரங்கள், நடுவில் அம்புக்குறிகள் என்று ஒரு வரைபடம் வைத்திருந்தார். அதை மாட்டிவிட்டு, அரையங்குலக் குழாய்த் துண்டால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். யார் யார் கைவிடப்படுவார்கள் என்பதில் அவருக்குக் கடவுளைவிடத் தெளிவு அதிகம். தன் மனைவியைப் பற்றியே கொஞ்சம் சந்தேகம்தான். முழு இரவு ஜெபத்தில் குறட்டை விட்டவள். ஏழு தலையைப் பார்த்து, “இதுக்கு யாருங்க பல்லு வெளக்கி விடுவா?” என்று கேட்டவள்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது எக்காளம் வீட்டுச் சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, சுவரில் இருந்து வரும் குழாயின் மூட்டு துருப்பிடித்து ஒழுகியது. அடியில் வாளி. வாளி நிறைந்தால் மனைவி கொட்டுவாள், மறுபடி வைப்பாள். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே போனால் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டபோதெல்லாம் எக்காளத்திடம் ஒரே பதில்தான்.

“இந்த உலகமே எரியப் போகுது. இதுல குழாயென்ன, தாழ்ப்பாளென்ன?”

இதைவிட நல்ல சாக்கு எந்தச் சோம்பேறிக்கும் வாய்த்ததில்லை. அன்று காலையும் அதையேதான் சொன்னார். அவள் வாளியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

“சாயங்காலத்துக்குள்ள இத மாத்தலன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்.”

“யாருமே இருக்க மாட்டோம். அதுக்குத்தான் ஆயத்தமா இருன்னு தலபாடா அடிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எக்காளம் யார் வீட்டுக் குழாயையோ சரிசெய்யப் போய்விட்டார்.

மதியம் தாண்டித் திரும்பியபோது வாசற்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே சோவென்று சத்தம். மூட்டு கடைசியில் உடைந்தே போயிருந்தது, தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. எக்காளம் அதைப் பார்க்கவில்லை. சமையலறைத் தரையில் கிடந்த அவளுடைய நைட்டியைப் பார்த்தார். ஆளை மட்டும் உருவி எடுத்ததுபோல் குவியலாகக் கிடந்தது. பக்கத்தில் வீட்டுச் செருப்பு, இரண்டும் ஜோடியாக. பலகையில் பாதி நறுக்கிய உருளைக்கிழங்கு, அதன்மேல் கத்தி. தொட்டி விளிம்பில் அவள் மூக்குக் கண்ணாடி. சோப்புக்குப் பக்கத்தில் கல்யாண மோதிரம்.

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் காலையில் அவள் சொன்னது ஞாபகம் வந்திருக்கும். எக்காளத்துக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியது ஒன்றே ஒன்றுதான். ஆண்டவர் வந்துவிட்டார். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஈரத்திலேயே உட்கார்ந்தார். பாஸ்டருக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அவரும் போய்விட்டார்! அதில் எக்காளத்துக்குச் சின்னதாக ஒரு ஆச்சரியம், ஏனென்றால் பாஸ்டரையும் அவர் சந்தேகப் பட்டியலில்தான் வைத்திருந்தார். அடுத்து, நிச்சயமாகக் கைவிடப்படக்கூடிய ஒருவரைக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று, பழைய வால்வுக்குப் பாலிஷ் போட்டுப் புதுசென்று விற்கும் கடைக்காரருக்கு அடித்தார். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அண்ணே, இருக்கீங்களா?”

“எங்க போவேன்? கடையிலதான் இருக்கேன்.”

“வீட்டுல எல்லாரும்?”

“எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. உங்களுக்கு என்ன சைஸு வேணும், அதச் சொல்லுங்க.”

எக்காளம் போனை வைத்துவிட்டார். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மொத்தக் குடும்பமும் கீழே. அவர்களோடு இவரும்.

முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். கூரையைப் பார்த்துக் கேட்டே விட்டார். “அவளையா? வரைபடம் வரஞ்சது நானு! குறட்டை விட்டவள கூட்டிட்டுப் போயிட்டு, முழிச்சுக்கிட்டு இருந்தவன விட்டுட்டீங்களே, இது எந்த ஊரு நியாயம்?”

பதிலுக்குத் தண்ணீர்தான் முகத்தில் அடித்தது. அப்போதுதான் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த வாளி கண்ணில் பட்டது. அதன் கைப்பிடியில் அவள் துணி சுற்றியிருந்தாள், கை அறுக்காமலிருக்க. விடியும் முன்னே எழுந்து அந்த வாளியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போவாள். அவர் தூக்கம் கெடக்கூடாதாம். சொட்டும் சத்தம் கேட்கக்கூடாதென்று வாளிக்குள் ஒரு கந்தல்துணி போட்டு வைத்திருந்தாள். தினமும் யாரும் பார்க்காமல் செய்த வேலை. பார்க்க வேண்டியவர் பார்த்திருக்கிறார், என்று எக்காளம் நினைத்தார். நினைத்ததும் கோபம் இறங்கிவிட்டது, அதன் இடத்தில் வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளுக்கு அது கிடைக்க வேண்டியதுதான் என்று அவருக்கே தெரிந்தது.

அழுது முடித்தபின் தொழிற்புத்தி விழித்துக்கொண்டது. இனி ஏழு வருடம் இங்கேதான். உபத்திரவம் ஒருபக்கம் இருக்கட்டும், இந்தத் தண்ணீரில் ஏழு வருடம் எப்படி இருப்பது? மேலும் கொஞ்சநாளில் உலகை ஆள அந்திக்கிறிஸ்து வந்துவிடுவான், அவன் முத்திரை குத்திக்கொள்ளாமல் ஒரு வாஷர்கூட வாங்க முடியாது. செய்வதாக இருந்தால் இப்போதே செய்ய வேண்டும்.

எக்காளம் எழுந்தார். வெளியே போய் மெயின் வால்வை மூடினார். முழங்கால் நனையாமல் இருக்க அந்த வரைபடத்தை எடுத்துத் தரையில் விரித்து, மிருகத்தின் நாலாவது தலைமேல் ஒரு முட்டியும் ஆறாவது தலைமேல் ஒரு முட்டியும் வைத்து உட்கார்ந்தார். துருப்பிடித்த மூட்டை அறுத்து எடுத்தார். புதுக் குழாய்த் துண்டு, வளைவுக்குப் புது எல்போ, மரையில் வெள்ளை டேப், ரெஞ்சால் ஒரு இறுக்கு. அரைமணி நேர வேலை! அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. இந்த அரைமணி நேரத்துக்காகவா அவள் இத்தனை காலம் வாளி தூக்கினாள்?

வெளியே போய் வால்வைத் திறந்துவிட்டு வந்து, மூட்டு கசிகிறதா என்று பார்க்கத் தொட்டிக்குக் கீழே தலையை விட்டார். அப்போது வாசற்கதவு திறந்தது.

“கண்ணாடிய எங்க வெச்சேன்? பஸ் நம்பரே தெரியல.”

எக்காளம் நிமிர்ந்த வேகத்தில் தொட்டியில் நங்கென்று தலை இடித்தது. வெளியூர் போகும் உடுப்பில், கையில் பெட்டியோடு அவள் நின்றாள்.

“நீ... நீ போகலயா?”

“அவ்வளவு அவசரமா உங்களுக்கு?”

“இல்ல. நான் உன்ன... எடுத்துக்கிட்டாருன்னு நெனச்சேன்.”

“யாரு?”

எக்காளம் வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, கையிலிருந்த ரெஞ்சால் மேலே காட்டினார். அவள் கூரையைப் பார்த்தாள். தரையில் கிடந்த நைட்டியைப் பார்த்தாள். அவர் கண் சிவந்திருப்பதையும் பார்த்தாள்.

“குழாய் வெடிச்சு தொப்பலா நனஞ்சேங்க. போதும்டா சாமின்னு அங்கயே கழட்டிப் போட்டு, வேற மாத்திக்கிட்டு அக்கா வீட்டுக்குக் கெளம்பிட்டேன். காலைலயே சொன்னேன்ல?”

“நீ என்ன விட்டுட்டுப் போவேன்னு எனக்குத் தோணவே இல்ல.”

“உலகம் அழியும்னு தோணுது. பொண்டாட்டி போவான்னு தோணல.” அவள் சிரிக்கவில்லை. “என்னையவா மேல கூட்டிட்டுப் போவாருன்னு நெனச்சீங்க?”

“உன்னத்தான். என்ன விட்டுட்டு.”

 எக்காளம் தொட்டி விளிம்பிலிருந்து கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். மோதிரத்தையும் எடுத்து நீட்டினார். “இதையும் மறந்துட்டுப் போயிட்ட.”

“கண்ணாடியத்தான் மறந்தேன்” என்றாள் அவள்.

 அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பாஸ்டர்.

“எடுங்க. அவரும் மேல போகல போல.”

“கூப்டீங்களா தம்பி? சாப்ட்டு அசந்து தூங்கிட்டேன்” என்றது போன். எக்காளம் ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து மூட்டைப் பார்த்தாள். விரலால் தடவினாள். காய்ந்திருந்தது. குழாயைத் திறந்து மூடி, மறுபடி தடவினாள். ஒரு சொட்டு இல்லை.

“நான் இருந்தப்ப செய்யாதத, போனப்புறம் செஞ்சிருக்கீங்க.”

“ஏழு வருஷம் இங்கயே இருக்கணும்னு ஆயிடுச்சேன்னு...”

“இருக்கப் போறோம்னு தெரிஞ்சாத்தான் கை வருமா உங்களுக்கு?” என்றாள் அவள். பெட்டியைக் கீழே வைத்தாள், ஆனால் வாசல் பக்கமாகத்தான் வைத்தாள். கத்தியை எடுத்து மீதி உருளைக்கிழங்கை நறுக்கத் தொடங்கினாள். மோதிரம் இன்னும் அவர் உள்ளங்கையிலேயே இருந்தது.

“இது?”

“சோப்புப் பக்கத்துலயே வைங்க. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. மொதல்ல பாத்ரூம் தாழ்ப்பாள்.”

எக்காளம் மோதிரத்தை இருந்த இடத்தில் வைத்தார். பையைத் துழாவி ஒரு தாழ்ப்பாளும் திருகாணிகளும் எடுத்தார், வேறு யாருக்கோ வாங்கி வைத்திருந்தது. குளியலறை வாசலில் முட்டி போட்டு, ஒரு திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டு, விசுவாசத்துக்கு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட செய்யாத ஜெபத்தைச் செய்தார்.

ஆண்டவரே, தயவுசெய்து இன்னைக்கு மட்டும் வந்துடாதீங்க.