கோழிக்குப் பதிலாக ஒரு விண்கலம்

1

“ஏ கோழி, கொழம்புல உப்பு இல்லைன்னு சொல்லு.”

“ஏ கோழி, உப்பு டப்பா அவுக கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்குன்னு சொல்லு.”

இந்த உரையாடலில் கோழிக்கு எந்தப் பங்கும் இல்லை. அது பாட்டுக்கு வாசலில் சிந்திக் கிடந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. பேசியவர்கள் சங்கையாவும் அவர் மனைவி வேலுத்தாயும். உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். ஆகவே பக்கத்து வீட்டுக் குருவம்மாள் இதைக் கேட்பதற்குச் சிரமப்படவில்லை. கேட்டதைப் பல வருடம் கழித்து என்னிடம் சொல்லிவிட்டு, “நீங்கதான் குடும்பக் கதை எழுதுறவுகளாச்சே, எழுதுங்க” என்றாள். இந்தக் கதை பிறந்தது இப்படித்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மலைமுகட்டில் மஞ்சு தவழ, ஏலக்காய் மணம் கமழும் அந்த மாலைப்பொழுதில்…’

[அடித்துவிட்டேன். குருவம்மாள் சிரிப்பாள். ஏலக்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மணம் அல்ல, அட்டைக்கடி.]

அடுத்து: ‘வேலுத்தாய்க்குக் கோபம் வந்தால்…’

[வராத நேரத்தைச் சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும்.]

சரி, நேராகவே சொல்கிறேன். தோட்டத்து ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த சங்கையாவுக்கு வாளையாறு சிமெண்ட் ஆலையில் எஞ்சின் வேலை கிடைத்தது. அதை அவர் டீக்கடையில் பெரியமுத்துவிடம் சொன்னார். பெரியமுத்து லயம் முழுக்கச் சொன்னான். ஏலக்காட்டில் வேலை பார்த்த வேலுத்தாய்க்குக் கடைசியில் குழாயடியில் தெரிந்தது. அன்றிலிருந்துதான் வீட்டில் கோழி வழியாகப் பேச்சு.

அவர் ‘நீயும் வா’ என்று கூப்பிடுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கூப்பிடவில்லை. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. அவளாகக் கேட்கலாம்தான். ஒரே ஒரு வாக்கியம், நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்பியது. உப்பைப் பற்றிக் கோழியிடம் சொல்லலாம், இதைச் சொல்ல முடியுமா?

திங்கள்கிழமை காலை ஜீப்பில் அவர் கிளம்பவேண்டும். அதற்கு முன் சங்கையாவின் அண்ணன் விருந்துக்கு வந்து சேர்ந்தார். கோழி குழம்பாகிவிட்டது. (உப்பு சரியாக இருந்ததாம்.) அதன் பிறகு வீட்டில் பேச்சே இல்லை.

3

இனி விண்கலம்.

எண்பதுகளின் நடுவில் அந்த மலையில் யார் வீட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. ஆனால் வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் வாராவாரம் வந்த ஓர் அறிவியல் தொடரின் ஒரே ஒரு பகுதியை* முதலாளியின் மருமகன் ஃபிலிம் சுருளாக வாங்கி வந்திருந்தார். ஜீப்புக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம், காலையில் பேர் கூப்பிடும் மஸ்டர் களத்தில் இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டினார்கள். படம் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. மாரியம்மன் கொடை விழாவுக்கு மைக்கில் பேசுகிறவர் சங்கையாதான். வசனம் சொல்லச் சொல்லிக் கூட்டமே அவர் கையில் மைக்கைத் திணித்தது.

(* தொடரின் பெயர் குருவம்மாளுக்கு நினைவில்லை. ‘வெள்ளிச் சட்டைக்காரவுக படம்’ என்கிறாள். நானும் பார்த்ததில்லை. ஆகவே இங்கே வருகிற கிரகத்துக்கு நாங்கள் இருவரும்தான் பொறுப்பு.)

வெள்ளிச் சட்டை போட்ட கேப்டன் ஒரு கிரகத்தில் இறங்கினார். அவர் கை பட்டதும் பாறை ஆடியது. குகைக்குள்ளிருந்து கறுப்பாக, வழவழவென்று ஒரு பூதம் நெளிந்து வந்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கக்கூடும். இங்கே யாரும் அசையவில்லை.

“அட, நம்ம அட்டை!” என்றான் பெரியமுத்து.

கேப்டன் துப்பாக்கியால் ஒளியைப் பாய்ச்சினார். பூதம் இன்னும் வீங்கியது.

“துப்பாக்கி எதுக்குய்யா? உப்பப் போடச் சொல்லு!”

“பொகையிலைத் தண்ணியத் தெளிக்கச் சொல்லு!”

“மொதல்ல அந்தாளு காலை ஒதறட்டும், பூட்சுக்குள்ள ஏறிரும்!”

கேப்டனின் மானத்தைக் காப்பாற்றவேண்டிய பொறுப்பு சங்கையாவுக்கு வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“கேப்டன் சொல்றாரு… கப்பல்ல உப்பு இல்லையாம்.”

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “இருக்கும். அந்தாளுக்கு டப்பா எங்க இருக்குன்னு தெரியாது.”

 களத்தில் சிரிப்பு வெடித்தது. வேலுத்தாய் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். குருவம்மாள் அவள் விலாவில் இடித்தாள்.

“அடியே, ஒனக்கு வேற கோழி கெடச்சிருச்சு!”

4

[இந்த இடத்தில் விண்வெளிப் போர் ஒன்று இருந்ததாம். குடும்பக் கதை எழுதுகிறவள் நான், எனக்கு வராது. தாண்டிப்போகிறேன்.]

அட்டை எப்படியோ செத்தது. விண்கலத்தின் கதவருகே கேப்டனும் அந்தக் கிரகத்துப் பெண்ணும் நின்றார்கள். கேப்டனின் உதடுகள் அசைந்தன.

“கேப்டன் சொல்றாரு… நான் வேற கிரகத்துக்குப் போறேன். அங்க ஒரே தூசி. ராவும் பகலும் லாரி ஓடும்.”

“கிரகத்துல ஏதுய்யா லாரி?” என்றார் ஒருவர்.

“வாளையாறு மாதிரில்ல இருக்கு!” என்றான் பெரியமுத்து.

வேலுத்தாய் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இதை அந்தாளு மொதல்ல அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னாரா, டீக்கடையில சொன்னாரான்னு கேளுங்க.”

தனக்கென்று இருந்த ஏதோ ஒரு காரணத்தால் கேப்டன் அப்போது தலையைக் குனிந்தார். சங்கையா அதைப் பற்றிக்கொண்டார்.

“டீக்கடையில சொன்னது தப்புத்தான்னு சொல்றாரு.”

“பெறகு ஏன் அவளை வான்னு கூப்பிடலையாம்?”

சங்கையா மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அவளுக்கு இங்க ஜோலி ஸ்திரமாயிருச்சு. எத்தனை மழையில நனைஞ்சு வாங்குனது… அதை விட்டுட்டு வான்னு நான் எந்த வாயால கேக்குறது? அப்படின்னு, கேப்டன் சொல்றாரு.”

வேலுத்தாய் இதை எதிர்பார்க்கவில்லை. தன்னை விட்டுப் போவதில் அவருக்கு ஒரு நிம்மதி இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள்.

திரையில் அந்தப் பெண் பேசத் தொடங்கினாள். எல்லாரும் சங்கையாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு…” அவர் மைக்கைக் கொஞ்சம் இறக்கினார். “எனக்குத் தெரியலை.”

சொல்லி வைத்ததுபோல ஃபிலிம் அறுந்தது.

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

‘அவள் ஓடிவந்து அவர் மார்பில்…’ [என் வாசகிகளுக்குப் பிடிக்கும். ஊர் முன்னால் வேலுத்தாய் ஓடமாட்டாள்.]

‘புறப்படும் ஜீப்பைக் கண்ணீர் மல்க…’ [அந்த ஜீப்பில் ஆட்களே தொங்கிக்கொண்டுதான் போவார்கள். கண்ணீருக்கு இடமில்லை.]

‘சங்கையா மனம் மாறி மலையிலேயே…’ [பெரிய எஞ்சின் என்றால் அவருக்கு உயிர். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.]

கடைசியில் வேலுத்தாய் கேட்டதற்குச் சங்கையா என்ன பதில் சொன்னார் என்று குருவம்மாளைக் கேட்டேன். “அது வீட்டுக்குப் போய்ச் சொன்னது. எனக்குச் செவுத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சுதான். சொல்லமாட்டேன்” என்றுவிட்டாள். ஆகவே அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வேலுத்தாய் கேட்டதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், களத்தில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டிருக்கிறது.

வேட்டித் திரையில் வெறும் வெளிச்சம். வேலுத்தாய் கம்பளியைக் குருவம்மாள் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். அவள் நிழல் கேப்டனைவிடப் பெரிதாகத் திரையில் விழுந்தது. டீக்கடைச் செய்தி வந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகக் கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

“ஏங்க, என்னையும் கூட்டிட்டுப் போங்க. அங்க போய் நமக்குக் கோழி வேண்டாம்.”